இறக்கத்துக் கட்டை

அந்த எழுபத்தெட்டாம் வருடம், போடியிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வரை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்துக்கு ராஜாராம் ஒரே ஒரு விதிதான் வைத்தார்.

“மலை இறங்குறப்ப பின்னாடி விறகுக்கட்டையைக் கட்டி இழுத்துக்கிட்டுத்தான் வரணும். பிரேக்கை நம்பாதீங்கப்பா. அடிவாரத்துலதான் அவுக்கணும்.”

ஜெயிப்பவனுக்கு அவருடைய ஏலக்காய்க் கடையில் வேலை. பால்பாண்டிக்கு அது வேண்டும். மனைவி வேலுத்தாய் தினமும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு மலைமேல் எஸ்டேட்டுக்குப் போய்வருவதை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் அவனுக்கு.

சாயங்காலம் முதலில் வந்து சேர்ந்தவன் அவன்தான்.

“கட்டையைக் கட்டிக்கிட்டு எப்பிடிடா இம்புட்டு வெரசா வந்த?” என்றார் ராஜாராம்.

பால்பாண்டி சிரித்தான். “இனி அவ மலையேற வேண்டாம்ணே.”

ராஜாராம் மாலையை எடுத்தார்.

“செத்த பொறுங்கண்ணே. வேலுத்தாய் இப்ப ஜீப்புல வந்துருவா. அவளும் பாக்கட்டும்.”

ஜீப் வருவதற்கு முன்பே, பந்தயத்தில் அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த சின்னமுத்து வந்து சேர்ந்தான். வந்த வேகத்தில் சைக்கிளைக் கீழே போட்டான்.

“அண்ணே, கொண்டை ஊசி வளைவுல கயித்தோட ஒரு கட்டை கிடந்திருக்கு. அதுக்கு ஒதுங்கப் போயி எஸ்டேட் ஜீப்பு பள்ளத்துல உருண்டிருச்சு!”

“எவன் கட்டைடா அது?” என்று எல்லோரும் கத்தினார்கள்.

பால்பாண்டி மட்டும், “எந்த ஜீப்பு?” என்று கேட்டான்.