கைராசிக்காரன்

"டேய் குண்டா, அவ வந்திருக்காடா!"

சுருட்டை விலாவில் இடித்த வேகத்தில் குண்டன் வாயிலிருந்த குச்சி ஐஸ் சட்டையில் விழுந்தது.

"எவடா?"

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! அதோ, ரோஜாப் பாத்திக்குப் பக்கத்துல. மஞ்சக் கவுன்."

கோடைப் பூக் கண்காட்சிக்கு ஊரே திரண்டு வந்திருந்தது. கூட்டம் கூடும் இடத்தில்தான் இந்த இரண்டு கூட்டாளிகளுக்கும் பிழைப்பு. கைத்தொழில், முதலாளி தொல்லை கிடையாது. அதிலும் சுருட்டை கைராசிக்காரன் என்று பேர் எடுத்தவன். வெயில் காலம் பிறந்துவிட்டால் திருவிழா, கண்காட்சி, கச்சேரி என்று அவனுக்கு நிற்க நேரமிருக்காது. அப்படிப்பட்டவன் இன்று புதுச் சட்டை போட்டு, சுருட்டை முடியைப் படிய வாரி, காலையிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நல்ல நாளை வீணாக்குகிறானே என்று குண்டனுக்கு வயிறு எரிந்தது.

"படகுப் போட்டிக்கு நீலப் பாவாடை. கடற்கரையில பட்டம் விட்டாங்களே, அன்னிக்கு வெள்ளைச் சட்டை, சிவப்புத் தொப்பி. ஏரிக்கரைக் கச்சேரிக்குக் கறுப்புல வந்தா பாரு, பாடுனவங்களையே நான் பாக்கல. எங்க போனாலும் அவ அங்க வந்து நிக்கிறாடா. இதுக்குப் பேர் என்ன?"

"நீ அவ பின்னாடி சுத்துறேன்னு பேரு."

"சத்தியமா இல்ல! ஒவ்வொரு தடவையும் நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவ வர்றா. முடிச்சு போட்டாச்சுடா மேல!"

குண்டன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அது என்னடா, கவுனுக்குக் கீழ ஓட்டப்பந்தயத்துக்குப் போடுற ஷூ?"

"அதான்டா ஃபேஷன். எதைப் போட்டாலும் காலுக்கு அந்த ஷூதான். குதிகால் செருப்பு போட்டுக்கிட்டு நொண்டுற ஆளில்ல அவ."

"இந்த வெயில்ல மேல கோட்டு வேற."

"அவ போட்டா வெயிலே குறைஞ்ச மாதிரி இல்ல?"

"முடி எப்பவும் ஒரு பக்கமாவே விழுது. ஒரு காது இல்லையோ என்னவோ."

"வாயைக் கழுவுடா!" சுருட்டைக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் பூவைப் பாக்குறாங்க. அவ கூட்டத்தைப் பாக்குறா, கவனிச்சியா? படகுப் போட்டியிலயும் அப்படித்தான். ஒவ்வொரு முகமா நின்னு நிதானமா பாப்பா. நடுநடுவுல தனக்குத்தானே ஏதோ பாடிக்குவா. மனுஷங்க மேல இவ்வளவு பிரியம் இருக்குற பொண்ணை நான் பாத்ததே இல்ல."

காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள். ஆனால் அவன் சொன்னதில் பொய்யில்லை. அந்தப் பெண் நடந்தால் கூட்டம் தானாக வழிவிட்டது. ஓடிவந்த குழந்தையொன்று அவள் காலில் மோதி விழுந்தது. ஒரே கையால் அதைத் தூக்கி, பதறி வந்த தாயிடம் கொடுத்துவிட்டு, கவுனில் ஒரு கசங்கல் இல்லாமல் மேலே நடந்தாள். நூறு பூவுக்கு நடுவில் அவளைத்தான் பார்க்கத் தோன்றியது.

"இன்னிக்குக் கேட்டுடப் போறேன்" என்றான் சுருட்டை.

"என்ன தொழில் பண்றீங்கன்னு அவ திருப்பிக் கேட்டா?"

சுருட்டையின் முகம் சுண்டிப்போனது. சில நாளாக அவன் தூக்கத்தைக் கெடுத்ததே அந்தக் கேள்விதான்.

"விட்டுட்டேன்னு சொல்லுவேன்."

"விட்டுட்டியா? உன் விரலுக்கு இந்த ஊர்ல ஜோடி கிடையாதுடா! என்னை நட்டாத்துல விட்டுட்டுப் போறியா?" குண்டனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பொய் சொல்லி அவகிட்ட ஆரம்பிக்க முடியாதுடா. எல்லாத்தையும் சொல்லிடுவேன். பிடிச்சா பிடிக்கட்டும், இல்லன்னா போகட்டும்."

சொல்லிவிட்டானே தவிர, ரோஜாப் பாத்தியை நெருங்க நெருங்க, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் மறந்தே போனது. நல்லவேளையாக அவளே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

சுருட்டைக்குத் தலைகால் புரியவில்லை. "என்னையா? என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"படகுப் போட்டியிலயே கண்ணுல பட்டுட்டீங்க. பட்டம் விட்ட அன்னிக்கும் பாத்தேன். நான் கிட்ட வர்றதுக்குள்ள காணாமப் போயிட்டீங்க. கையைப் பிடிக்கத்தான் நேரமே வாய்க்கல."

கையைப் பிடிக்க! அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளிடம் இனி ஒளிக்க என்ன இருக்கிறது? குரலைத் தாழ்த்தி, தன் தொழிலைப் பற்றி ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தான். கண்ணில் நீர் முட்டியது. சட்டைப் பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய சின்னப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"இன்னியோட எல்லாத்தையும் விட்டுட்டேங்க. உங்களுக்காக."

அவள் பிரித்துப் பார்த்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகத்தில் உண்மையாகவே இரக்கம் தெரிந்தது.

"இப்படி மனசு விட்டுப் பேசுவீங்கன்னு நான் எதிர்பாக்கவே இல்ல. சரி, கிளம்பலாமா?"

"எங்கங்க?"

"மாமியார் வீட்டுக்கு."

"அதுக்குள்ளயா?" என்று அவன் வெட்கப்பட்டு முடிப்பதற்குள், படகுப் போட்டியில் யாரோ ஒரு அம்மாள் கழுத்திலிருந்து அவன் உருவிய சங்கிலியைப் பத்திரப்படுத்திவிட்டு, அவன் கையில் காப்பு மாட்டியிருந்தாள், மஃப்டியில் வந்திருந்த அந்தப் பெண் போலீஸ். மாட்டியதே தெரியவில்லை, அவ்வளவு லாவகம். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சுருட்டையால் அந்த விரல்களை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.