சர்வர் ரூம் நோட்டு

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பாகச் சொன்னால் காயத்ரி மேடம் பெயர் கெட்டுவிடும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மேடம் நடத்துவது சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. சர்வர் ரூமைத் துடைப்பது என் வேலை. ஒரு நாள் விட்டாலும் சுரங்கத் தூசி படிந்துவிடும். தினம் மூன்று வேளை தெர்மாமீட்டரில் ரூமின் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். அந்த வரிக்குப் பக்கத்தில் இன்ஜினியர் பாலகுமார் சார் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவார். மேடத்தின் அப்பா அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவர். இந்த நோட்டு அங்கிருந்து வந்த வழக்கம்.

அன்று மேடத்துக்கும் சாருக்கும் வாக்குவாதம்.

“கிளவுடுக்குப் போயிடலாம் மேடம். பெரிய கம்பெனி மெஷின், வாடகைக்கு. இந்த டப்பாங்களைத் தூசியில வெச்சிகினு ஏன் அவஸ்தைப்படணும்?”

“நாள் பூரா டெஸ்ட் பண்றோம். வாடகை எங்க போய் நிக்கும்?”

“இது சூடாகிப் படுத்துட்டா?”

“கண்ணகி நோட்டைப் பாரு. மூணு வருஷம். ஒரு நாள்கூட இருபத்துநாலு டிகிரியைத் தாண்டலை.”

சர்வர் போனால் என் வேலையும் போகும். வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்தேன். முடியவில்லை.

“மேடம், ஒரு நாள் பொய்யா எழுதிட்டேங்க. போன ஆடி மாசம். ஏசியை நிறுத்தி ஃபில்டரைக் கழுவினேன், திரும்பப் போட மறந்துட்டேன். முப்பத்தொண்ணு இருந்துச்சு. பயந்துகினு இருபத்திரண்டுனு எழுதிட்டேங்க.”

பாலகுமார் சார் சிரித்தார். “பாத்தீங்களா? இவங்களை நம்பித்தான் சர்வர் வெச்சிருக்கோம். மொதல்ல இந்தம்மாவை வூட்டுக்கு அனுப்புங்க.”

மேடம் ஆடி மாதப் பக்கத்தைப் புரட்டினார். “எந்த வரி?”

தொட்டுக் காட்டினேன்.

“பாலா, இதுக்குப் பக்கத்துல சரிபார்த்தேன்னு இருக்கே, யார் கையெழுத்து?”

சார் நோட்டைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

“அந்த ரூமுக்குள்ள நீ கடைசியா எப்ப போன?”

மேடம் பதிலுக்குக் காத்திராமல் நோட்டை என்னிடம் நீட்டினார்.

“சர்வர் இங்கயே இருக்கட்டும். தன் தப்பைத் தானே வந்து சொல்ற ஆளைக் கிளவுட்ல யார் குடுப்பா? கண்ணகி, முப்பத்தொண்ணுனு திருத்தி எழுது.”

எழுதினேன். கீழே என் பெயரையும் முழுசாக எழுதினேன்.

இருந்தாலும் எதற்கு வம்பு என்று, நோட்டைச் சணல் கயிற்றால் சர்வர் ரூம் தெர்மாமீட்டருக்கு அடியிலேயே கட்டிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டுமானால், சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.