மடியில் ஒரு சரம்

எதிர்வீட்டு மாப்பிள்ளை வேலவனுக்கு இது தலைதீபாவளி. ஐயாயிரம் வாலா சரத்தோடு ராஜா மாதிரிதான் வந்திறங்கினார். காலையில் அவருக்கு எண்ணெய் வைக்கிற நேரம் பார்த்து, மனைவியின் அக்கா நான்கு நாள் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். மாப்பிள்ளையை மணையிலேயே விட்டுவிட்டு வீடே ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடியது.

"மாப்ளே, வெடி மட்டும் வேணாங்க. பிள்ளை தூங்குது," என்றார் மாமனார்.

"சாயங்காலம்?"

"ஒரு மாசம் போகட்டுமே."

உள்ளே, பிள்ளையின் மூக்கு யார் சாடை என்று ஒரே சிரிப்பு. இவர் வாசற்படியில் உட்கார்ந்து, சரத்தை மடியில் கிடத்தித் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கே பாவமாகிவிட்டது. போய் அவர் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு வந்து, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.