கரண்ட் போகாத வருடம்

குட்டி எரிவாயு மின்நிலையத்தைக் காற்றாலை கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சாயங்காலம். காற்று ஓயத் தொடங்கியிருந்தது. ஊர் விளக்குப் போடும் நேரம்.

"அண்ணே, கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்களேன்," என்று காற்றாலை நிலக்கரி நிலையத்தைக் கெஞ்சியது.

"இருக்கிறதை எல்லாம் கொடுத்தாச்சு. இன்னொரு கொதிகலன் சூடேற விடிஞ்சிடும். அந்தத் தூங்குமூஞ்சியை எழுப்பு."

குட்டி பத்தே நிமிடத்தில் உறுமி எழுந்தது. ஊரில் ஒரு விளக்குகூட மங்கவில்லை.

"வருஷத்துல எத்தனை நாள்தாண்டா உழைப்பே?" என்றது நிலக்கரி.

"நீங்க கைவிரிக்கிற நாள் மட்டும், அண்ணே."

மறுவாரம் தலைமை அலுவலகத்துக் கோப்பு ஒன்று ஜீப்பில் வந்து இறங்கியது.

"இந்த வருடம் ஒரு நாள்கூடக் கரண்ட் போகவில்லை. பிறகு அவசரத்துக்கு என்று ஒரு நிலையம் எதற்கு?" என்று கேட்டது.

"ஐயா, போகாததே இவனாலதான்!" என்று காற்றாலை கத்தியது.

"போகாத கரண்டை எழுத என்னிடம் கட்டம் இல்லையே," என்றது கோப்பு.

குட்டியைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நிலக்கரி அண்ணன் புகையை வேறு பக்கம் விட்டது.

இப்போது காற்று ஓய்ந்தால் ஊர் இருட்டுதான். குட்டி இருந்த இடத்தில் ஒரு சிமெண்ட் மேடையும் எட்டு போல்ட்டுகளும் இருக்கின்றன.