மூன்று மாத மாத்திரை

தடாலென்று கதவு சுவரில் மோதுகிறது. வார்டுக்குள் பாய்ந்து வரும் கணவன் மருந்துத் தட்டை ஒரே வீச்சில் தட்டிவிட, சிவப்பு மாத்திரைகள் தரையெங்கும் உருண்டோடுகின்றன. "மூணு மாசமா இரும்புச் சத்து மாத்திரை குடுக்கறீங்க. இன்னும் அடுப்படியில மயங்கி விழறா. எல்லாம் டூப்ளிகேட் சரக்கா?" நர்ஸின் காலரைப் பற்றி அவன் உலுக்குகிறான். காவலாளி அவனை வெளியே இழுத்துத் தள்ளிக் கதவைத் தாழிடுகிறார். உதை விழ விழக் கதவு அதிர்கிறது. கட்டிலில் மனைவி அசையவேயில்லை; பழுப்பு நிற இரும்பு மருந்து அவள் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நர்ஸ் மூச்சு வாங்கியபடி குனிகிறாள். "டீ குடிச்ச கையோட மாத்திரை போடுறியாம்மா? அதான் ரத்தம் ஏறலையா?" மனைவி அதிரும் கதவையே பார்க்கிறாள். "நீங்க சொன்ன மாதிரி எலுமிச்சை ஜூஸோடதான் போடுறேன் சிஸ்டர். ஏறுன ரத்தத்தை வாரக் கடைசியில அவர் அடிச்சு என் மூக்கு வழியா இறக்கிடுறாரு."