சொல்லிக் கொடுத்தது யார்?

"எங்களுக்குள்ள ஒராள்தான் சொல்லியிருக்க வேணும். இல்லாட்டிப் பொலிஸ் மற்ற வீடுகளை விட்டிட்டு நேர இந்த மாடிக்கு ஏறி வருமோ?"

பிறிஜெற் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். கோபம் தாழவில்லை. வெள்ளவத்தையில் நேசம் அன்ரி வீட்டு மேல்மாடி அது. இன்ஸ்பெக்டர் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வாங்கிக்கொண்டு கீழே ஜீப்புக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று நின்றாள்.

பிறிஜெற் ஓர் அரசாங்கக் கந்தோரில் புள்ளிவிவரப் புரோகிராம் எழுதுகிறவள். ஒரே வேலையோடு பத்துக் கந்தோர்களில் பத்துப் பேர் தனித்தனியாக மாரடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அவர்களை எல்லாம் தேடிப் பிடித்து இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தொடங்கினாள். பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றை மாடிக்கு ஏற்றினாள். அவை இரவு பகலாக ஓடின. ஒருவர் எழுதியதை எல்லோரும் எடுக்கலாம், கேட்கிற எந்தக் கந்தோருக்கும் சும்மா கொடுக்கலாம். அதுதான் இங்கே சட்டம். இப்படிப் பாடுபட்டுச் சேர்த்த ஆட்களையா ஒரு ஜீப் வந்து கலைப்பது?

"பக்கத்து வீட்டுக்காரங்க யாராச்சும் சொல்லியிருப்பாங்க அக்கா," என்றார் கிருலப்பனையிலிருந்து வருகிற வேலுசாமி.

"அவை இதை டியூஷன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். அன்ரியும் வாய் திறக்கிற ஆளில்லை."

அவள் பார்வை ஷிப்லியில் போய் நின்றது. கடைசியாகச் சேர்ந்தவன் அவன்தான்.

"நான் ஆருக்கும் சொல்லல்ல மிஸ். உம்மாக்குக் கூடத் தெரியா."

"நீர் வந்த பிறகுதான் பொலிஸும் வருது. நான் என்னெண்டு நினைக்கிறது?"

"தம்பி நல்லா வேலை செய்யிற புள்ளைங்க," என்று வேலுசாமி இழுத்தார்.

"வேலை வேற, நம்பிக்கை வேற. வாற சனிக்கிழமை நீர் வரவேண்டாம், ஷிப்லி."

ஷிப்லியின் முகம் சுருங்கிப்போயிற்று. நாற்காலியில் மாட்டியிருந்த பையை எடுத்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் செய்தது யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் பயம்.

படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் வந்து அட்டைகளை மேசையில் வைத்தார்.

"எல்லாரும் அரசாங்க ஆட்கள். பிரச்சினை இல்லை," என்றார் சிங்களத்தில்.

பிறிஜெற்றுக்குத் தைரியம் வந்துவிட்டது. அவளும் சிங்களத்திலேயே கேட்டாள்.

"சேர், எங்களைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார்? எனக்குத் தெரிய வேண்டும்."

"ஒருவரும் சொல்லவில்லை மிஸ். இந்த வீட்டில் ஒரு வயதான அம்மா மட்டும்தான் எங்களிடம் பதிவு. கரண்ட் பில்லோ பத்துப் பேர் இருக்கிற அளவுக்கு வருகிறது. மாடியில் யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தோம்."

"பில்லை எல்லாம் வீடு வீடாகவா பார்த்தீர்கள்?"

இன்ஸ்பெக்டர் பெருமையாகச் சிரித்தார்.

"இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். அருமையான ஒரு புரோகிராமை எங்கள் கந்தோருக்குச் சும்மா கொடுத்திருக்கிறார்கள். இரண்டு இடத்து விவரத்தைப் பக்கத்தில் வைத்து, ஒத்துவராத வீட்டைப் பிடித்துத் தந்துவிடும். பெயர் மட்டும் தமிழ். 'பொருத்தம்'. அப்படியென்றால் என்ன மிஸ்?"

பிறிஜெற் மேசையில் கிடந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"கலியாணத்துக்குப் பார்ப்பது, சேர்," என்ற ஷிப்லி, பையை மறுபடி நாற்காலியில் மாட்டினான். "அதை எழுதியதே இந்த மிஸ்தான்."