ஆறாவது மனு

“எங்கள் எல்லைக்குள் ஆற்றுக் கொள்ளையர் ஒருவரும் இல்லை. மாட்டுத் திருட்டு அடியோடு ஒழிந்துவிட்டது.”

ஜாஸ்பர் வாசித்து முடிப்பதற்குள் மாணிக்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எந்தக் கட்டையில போறவன் எழுதனான் இத? அப்போ எம் மாடு எங்க போச்சாம்?”

“ஐயோ, இது உங்க மாடு இல்லக்கா. அந்தக் காலத்துல சீனாவுல ஒரு அதிகாரி ராஜாவுக்கு எழுதின கடிதம். பரீட்சைக்குப் படிக்கிறேன்.”

ஜாஸ்பர் எம்.ஏ. வரலாறு. நெய்வேலியில், ஊர்க்காரர்களின் புகார் மனுக்களை வாங்கும் அரசு அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பான். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அலுவலகத்தில் என்றைக்காவது ஒரு வேலை போட்டுக் கொடுப்பார்கள் என்று தினமும் உள்ளே போய் வருபவன்.

மாணிக்கம்மாளின் ஒரே கறவை மாட்டை யாரோ லாரியில் ஏற்றிப் போய் எட்டு மாதம் ஆகிறது. டவுன்ஷிப்பில் மூன்று பிளாக் வீடுகளுக்குப் பால் ஊற்றியவள், இப்போது அதே வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். ஐந்து மனு போட்டாள். ஐந்துக்கும் பதில் வந்தது.

நேற்று வந்த உறையை நீட்டினாள். ஜாஸ்பர் பிரிக்காமலே சொன்னான்.

“திருட்டு எதுவும் நடக்கல, மாடு தானா அவுத்துக்கிட்டுப் போயிடுச்சுன்னு இருக்கும்.”

பிரித்தால் அப்படியேதான் இருந்தது. படுபாவிகள்!

“அந்தச் சீனாக்காரன் ஏன் தம்பி பொய் எழுதனான்?”

“திருட்டு நடந்துச்சுன்னு எழுதினா மேலே இருக்கிறவங்க அவன் வேலையைப் பிடுங்கிடுவாங்க. அதனால மாட்டைப் பறிகொடுத்தவனையே பொய்யனாக்கிட்டாங்க. அதிகாரி சொல்லுவான், கூட இருக்கிறவன் எழுதுவான்.”

“அப்படி எழுதன கை வெளங்குமா? அவுங்களும் சோறுதான துன்னாங்க?”

ஜாஸ்பர் பேனாவை மூடினான். ஆறாவது மனு தயாராகியிருந்தது.

“நீங்க இங்கயே இருங்கக்கா. வழக்கம்போல நானே குடுத்துட்டு வரேன்.”

“இல்ல தம்பி, இந்த வாட்டி நானும் வர்றேன். தேடிக்கினு அலைஞ்சே எங் காலு தேஞ்சு போச்சு. அந்த ஆபீசர் மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த கேக்கணும்.”

அவன் எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. பின்னாலேயே வந்தாள்.

அதிகாரி இசக்கிமுத்து மனுவை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார். வாசலில் நின்றவளை ஏறிட்டும் பார்க்காமல் மனுவை ஜாஸ்பரிடமே திருப்பி நீட்டினார்.

“போன அஞ்சு பதிலும் நீ எழுதின மாதிரியே இதுக்கும் எழுதிடு, ஜாஸ்பர்.”